வெட்டிய கரும்பும் பாவுக் கஞ்சியும்

இன்று காலையில் வெட்டிய கரும்பையும், மூன்று நாட்களாக வயலோரத்தில் வெயிலில் கிடந்த கரும்பையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பெரிய வேற்றுமை எதுவும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. எடை சற்றுக் குறைந்திருக்கும். நீர் வற்றியதால் வந்த குறைவு என்று நாமும் சமாதானம் அடைந்துவிடுகிறோம். ஆயினும் இரண்டையும் தனித்தனியே பிழிந்து காய்ச்சினால் உண்மை வெளிப்பட்டுவிடும். முதற் கரும்பின் பாகு நன்றாகக் கட்டி, உடைத்தால் மணல் மணலாக உதிரும் வெல்லத்தைத் தரும். இரண்டாவதன் பாகோ எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் இளகலாகவே நின்று, அச்சில் வார்த்த பின்னும் கையில் பிசுபிசுக்கும். வெல்லம் காய்ச்சும் குடியானவர் யாவரும் இதை அனுபவத்தில் அறிந்தவர்களே. ஆலையிலும் இதே கதைதான். அங்கே இளகல் வெல்லத்துக்குப் பதிலாகக் கழிவுப்பாகு அதிகமாகிறது, சர்க்கரை குறைகிறது.

அண்ணாகிராமம் வட்டாரத்துக் கரும்பு நெல்லிக்குப்பத்து ஆலைக்குச் செல்வது நெடுநாளைய வழக்கம். பாரி கம்பெனியார் 19ஆம் நூற்றாண்டிலேயே அங்கே சர்க்கரைத் தொழிலைத் தொடங்கிவிட்டனர். சிதம்பரம் பக்கத்து அங்கத்தினர்களுக்குச் சேத்தியாத்தோப்பில் எம். ஆர். கிருஷ்ணமூர்த்தி கூட்டுறவு சர்க்கரை ஆலை உண்டு. எந்த ஆலையானாலும் விவசாயிக்குச் சொல்லும் புத்திமதி ஒன்றே: வெட்டிய கரும்பை 24 மணி நேரத்துக்குள் அரவைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். இதை ஆலையாரின் அவசரம் என்று நினைப்பவர் நம்மிடையே உண்டு. கரும்பின் உள்ளே நடப்பதை அறிந்தால் அந்த எண்ணம் மாறும். அதை விளக்க முற்படுகையில் நம் நெசவாளர்களின் பாவுக் கஞ்சியையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டிலும் வேலை செய்வது ஒரே இனத்துப் பொருள்.

சர்க்கரையின் இரசாயனப் பெயர் சுக்ரோஸ். அது ஓர் இரட்டைப் பொருள். குளுக்கோஸ் என்னும் எளிய சர்க்கரை ஒன்றும், பழச்சர்க்கரை என்று சொல்லப்படும் ஃபிரக்டோஸ் ஒன்றும் கைகோத்து நிற்பதே சுக்ரோஸ். 12 கரி அணுக்களும் 22 ஹைட்ரஜன் அணுக்களும் 11 ஆக்ஸிஜன் அணுக்களும் கொண்ட இந்த இரட்டைதான் படிகமாக உறைந்து நமக்குச் சர்க்கரையாகக் கிடைக்கிறது. கைகோத்த இடத்தில் ஒரு நீர் மூலக்கூறு புகுந்தால் இணைப்பு விட்டுப்போய், இரண்டும் தனித்தனியாகிவிடும். அவ்வாறு பிரிந்த கலவைக்கு இனிப்பு உண்டு; ஆனால் எளிதில் படிகமாகாது. காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு ஒழுகும். அருகிலுள்ள நல்ல சுக்ரோஸையும் படிகமாகவிடாமல் தடுக்கும். இளகல் வெல்லத்தின் இரகசியம் இதுவே.

நீர் புகுந்தால் பிரியும் என்றால், சர்பத்தில் கரைத்த சர்க்கரை ஏன் உடனே பிரிந்துவிடவில்லை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வெறும் நீரில் இந்தப் பிரிவு நடக்க எத்தனையோ ஆண்டுகள் ஆகும். புளிப்பு சேர்ந்தால் சற்று விரைவாக நடக்கும்; கரும்புச் சாற்றில் சுண்ணாம்பு சேர்த்துப் புளிப்பை மாற்றுவது இதன் பொருட்டுத்தான். ஆனால் உயிருள்ள கரும்பில் இதைக் கண் இமைக்கும் நேரத்தில் செய்து முடிக்கும் பொருள் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் இன்வர்ட்டேஸ். 1860ஆம் ஆண்டில் பெர்த்தலோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி காடிச்சத்தாகிய ஈஸ்ட்டிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். ‘இன்வர்ட்’ என்றால் புரட்டுதல். சீராக்கப்பட்ட ஒளிக்கதிரைச் சர்க்கரைக் கரைசலினூடே செலுத்தினால் அது வலப்பக்கம் திரும்பும். சர்க்கரை பிரிந்தபின் செலுத்தினால் இடப்பக்கம் திரும்பும். திசை புரண்டதால் அப்பெயர் வந்தது. ஆலையின் ஆய்வுக்கூடத்தில் ‘போல்’ என்று குறித்துக்கொள்வது, இவ்வாறு ஒளி எவ்வளவு திரும்புகிறது என்ற அளவைத்தான்.

இன்வர்ட்டேஸ் போன்ற பொருள்களுக்கு என்ஸைம் என்று பெயர். தமிழில் நொதி என்கிறோம். மாவு புளிப்பதும், பால் தயிராவதும், காய் பழுப்பதும், உண்ட சோறு செரிப்பதும் நொதிகளின் வேலையே. பண்ருட்டிப் பலாவின் காய்ச்சுளையைக் கடித்துப் பார்த்தால் மாவு மாவாக இருக்கிறது. அதே சுளை பழுத்தபின் தேனாக இனிக்கிறது. வெளியிலிருந்து யாரும் இனிப்பை ஊற்றவில்லை. உள்ளிருந்த மாவுப்பொருளை நொதிகள் சர்க்கரையாக மாற்றிவிட்டன.

நொதிகள் வேலை செய்ய உயிர் இருந்தாக வேண்டும் என்றே ஒரு காலத்தில் பெரிய அறிஞர்களும் நம்பினர். 1897இல் ஜெர்மனியில் எட்வர்ட் புக்னர் என்பவர் ஈஸ்ட்டை மணலோடு சேர்த்து அரைத்து, நசுக்கி, சாற்றை மட்டும் பிழிந்தெடுத்தார். அந்தச் சாறு கெட்டுப்போகாமல் இருக்கட்டும் என்று, ஊறுகாய்க்கு உப்பிடுவதுபோல, அதில் நிறையச் சர்க்கரையைக் கலந்து வைத்தனர். சாறு நுரைத்துப் பொங்கியது! உயிருள்ள ஈஸ்ட் ஒன்றுகூட இல்லாத வெறும் சாறு, சர்க்கரையைச் சாராயமாக மாற்றிக்கொண்டிருந்தது. இதற்காக அவருக்கு 1907இல் நோபெல் பரிசு கிடைத்தது. நமக்கு இதிலிருந்து தெரிவது யாதெனில், செடியை வேரோடு அறுத்துவிட்டதனால் அதன் நொதிகள் ஓய்ந்துவிடுவதில்லை என்பதே.

நொதி எவ்வாறு வேலை செய்கிறது என்பதை நெசவாளருக்கு விளக்குவது எளிது. தறி நூலைத் துணியாக்குகிறது. ஆனால் தறி துணியாகிவிடுவதில்லை. ஒரு பாவு முடிந்ததும் அடுத்த பாவுக்கு அது தயார். நொதியும் அப்படியே, தான் செலவழியாமல் வேலையை மட்டும் செய்கிறது. ஒரு சுக்ரோஸைப் பிடித்துப் பிரித்து விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்கிறது. ஒரு நொடிக்குப் பல நூறு மூலக்கூறுகளைக் கையாளும் நொதிகள் உண்டு. பல்லாயிரத்தைக் கையாள்வனவும் உண்டு. ஆதலால் அளவில் மிகச் சிறிதாயினும் அது செய்யும் வேலை மிகப் பெரிது. பத்துத் தறி உள்ள கூடத்தில் நூலைக் குவித்துக்கொண்டே போனாலும், பத்துத் தறி நெய்வதற்குமேல் துணி வராது அல்லவா? நொதியின் வேகத்துக்கும் அத்தகைய எல்லை உண்டு என்பதை 1913இல் பெர்லினில் மிக்கேலிஸ் என்பவரும், கனடா தேசத்துப் பெண்மணியான மாட் மென்டனும் கணக்கிட்டுக் காட்டினர். அவர்கள் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டதும் நம் சர்க்கரையும் இன்வர்ட்டேஸும்தான். இன்றளவும் உலகெங்கும் மாணவர்கள் நொதியைப் பற்றி முதலில் படிப்பது அவர்களுடைய சமன்பாட்டையே.

நொதிகளில் மிகப் பெரும்பாலானவை புரதங்கள். இருபது வகை அமினோ அமிலங்கள் நூலில் மணி கோத்ததுபோல் நீண்ட சங்கிலியாகச் சேர்ந்து, பின் அச்சங்கிலி தனக்குரிய ஒரே விதத்தில் மடிந்து சுருண்டு கொள்கிறது. எவ்வாறெல்லாம் மடிய இடம் உண்டு, எவ்வாறெல்லாம் மடிய இயலாது என்று வரையறுத்து ஒரு படத்தில் காட்டியவர் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன். அவரும் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோரும் 1963இல் வெளியிட்ட அந்தப் படம் ‘இராமச்சந்திரன் படம்’ என்ற பெயரோடு எல்லா நாட்டுப் பாடநூல்களிலும் இடம்பெற்றிருக்கிறது. நம் மாகாணத் தலைநகரில் பிறந்த விஞ்ஞானம் அது. இன்னும் பல பேருக்குத் தெரியாமல் இருப்பதுதான் வருத்தம்.

இவ்வாறு மடிந்த புரதத்தில் ஒரு சிறு பள்ளம் அமைகிறது. அந்தப் பள்ளத்தில் பொருந்தும் பொருளையே நொதி கையாளும், பொருந்தாததைத் தொடாது. பூட்டுக்கு ஏற்ற சாவி என்ற உவமையை எமில் ஃபிஷர் 1894இல் சொன்னார். உஷ்ணம் கூடக் கூட நொதியின் வேகமும் கூடும். பத்துப் பாகை ஏறினால் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொதுக் கணக்கு. ஆனால் ஓர் எல்லைக்குமேல் சூடேறினால் மடிப்புக் குலைந்து, வெந்த முட்டையின் வெண்கருபோல் ஆகிவிடும். பிறகு அது எதற்கும் உதவாது. சாற்றைப் பிழிந்த கையோடு கொப்பரையில் ஏற்றிக் கொதிக்க வைப்பதன் பலன்களில் இதுவும் ஒன்று.

இனிக் கரும்புக்கு வருவோம். இன்வர்ட்டேஸ் கரும்புக்குப் பகை அன்று. இளங்கரும்பில் அதுவே வளர்ச்சிக்குத் துணை. இலையில் உண்டான சர்க்கரை தண்டுக்கு வந்ததும், அதைப் பிரித்து வளரும் கணுக்களுக்கு உணவாகத் தருவது அதன் கடமை. கரும்பு முற்ற முற்ற அது அடங்குகிறது. சர்க்கரை தண்டில் தேங்குகிறது. நுனிப்பக்கத்து இளங்கணுக்களில் மட்டும் அது சுறுசுறுப்பாகவே இருக்கும். கொழுந்தாடையை ஒட்டிய பகுதி சப்பென்று இருப்பது அதனால்தான்.

வெட்டியதும் நிலைமை மாறுகிறது. வேர் போயிற்று, இலை போயிற்று. ஆயினும் தண்டிலுள்ள உயிரணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அவை மூச்சு விடுகின்றன. மூச்சுக்குச் சேமிப்பிலிருந்து செலவழிக்கின்றன. நீர் வற்றுகிறது. அடங்கியிருந்த இன்வர்ட்டேஸ் மீண்டும் எழுகிறது. வெயில் ஏற ஏற அதன் வேகமும் ஏறுகிறது. இங்கே ஒரு மயக்கத்துக்கும் இடமுண்டு. நீர் வற்றிய கரும்பின் சாற்றைக் கைக்கருவியில் பார்த்தால் பிரிக்ஸ் அளவு கூடியிருப்பதாகவே காட்டும். சாற்றில் கரைந்துள்ள பொருள் அனைத்தையும் அது சேர்த்துக் காட்டுமே தவிர, அவற்றுள் எது படிகமாகும், எது ஆகாது என்று பிரித்துச் சொல்லாது. “காய்ந்தால் இனிப்பு ஏறும்” என்று சிலர் வாதாடுவது இந்தக் கணக்கை நம்பித்தான்.

இதோடு இன்னொரு தொல்லையும் உண்டு. வெட்டுவாயின் வழியே லூக்கோநாஸ்டாக் என்னும் நுண்ணுயிர் உட்புகுகிறது. அதனிடம் உள்ள நொதி சுக்ரோஸைப் பிரிப்பதோடு நில்லாமல், பிரிந்த குளுக்கோஸ்களை ஒன்றோடொன்று கோத்து டெக்ஸ்ட்ரான் என்ற கோந்துப் பொருளாக்கிவிடுகிறது. சாறு கொழகொழவென்று ஆகி, வடிகட்டுவதும் காய்ச்சுவதும் சிரமமாகின்றன, படிகங்களும் உருக்குலைகின்றன. கரும்பைத் துண்டு துண்டாக நறுக்கினாலோ, சோகையைக் கொளுத்திவிட்டு வெட்டினாலோ இக்கேடு விரைந்து வரும். தோல் வெடித்த இடமெல்லாம் அந்த நுண்ணுயிருக்குத் திறந்த வாசலே.

பணக் கணக்காகவும் பார்க்கலாம். 2024–25 பருவத்துக்கு மத்திய அரசு, 10.25 விழுக்காடு பிழிதிறனுக்கு, அதாவது சர்க்கரைக் கட்டுமானத்துக்கு, குவிண்டாலுக்கு 340 ரூபாய் என்று விலை நிர்ணயித்தது. அதற்குமேல் ஒவ்வொரு 0.1 விழுக்காட்டுக்கும் 3.32 ரூபாய் கூடுதல். குறைந்தால் அதே அளவில் குறைவு. 9.5 விழுக்காட்டுக்குக் கீழ்ப்பட்ட ஆலைகளில் 315.10 ரூபாய்க்குமேல் இறங்காது என்று ஒரு தளமும் வைத்தனர். டன் கணக்கில் பார்த்தால் 0.3 விழுக்காட்டு மாற்றம் ஏறத்தாழ 100 ரூபாய். கவனிக்க வேண்டியது, இந்தப் பிழிதிறன் தனித்தனி விவசாயியின் கரும்பில் அளக்கப்படுவதன்று. ஆலை முழுவதற்குமான சராசரி. ஒருவர் மூன்று நாள் பழசைக் கொண்டுவந்து கொட்டினால், அன்றைக்கே வெட்டிக் கொண்டுவந்தவரின் விலையும் அதில் கரைகிறது. தளம் இருக்கிறதே என்று சும்மா இருக்கவும் முடியாது. ஆலைக்குச் சர்க்கரை குறைந்தால் கரும்புப் பணம் பாக்கி நிற்பதுதான் முதற் பலன். கூட்டுறவு ஆலையிலோ அந்த நஷ்டம் பங்குதாரராகிய அங்கத்தினரின் தலையிலேயே விழுகிறது.

எனினும் பழியை விவசாயியின்மேல் மட்டும் போடுவது நியாயமன்று. வெட்டு உத்தரவு வந்த நாளில் ஆள் கிடைப்பதில்லை. ஆள் கிடைத்த நாளில் லாரி வருவதில்லை. லாரி போய்ச் சேர்ந்தாலும் ஆலை வாசலில் இரவெல்லாம் வரிசையில் நிற்க நேரிடுகிறது. இன்வர்ட்டேஸுக்கு இது யாருடைய குற்றம் என்று தெரியாது. வயலில் கழியும் மணியும் வாசலில் கழியும் மணியும் அதற்கு ஒன்றே. வெட்டும் ஆட்களையும் வண்டிகளையும் ஊர்வாரியாக முறைவைத்து அனுப்புவது தனி விவசாயியால் ஆகக்கூடியதன்று. சங்கம்தான் செய்ய வேண்டும். விவசாயியின் கையில் இருப்பவை சில உண்டு. தரையோடு தரையாக வெட்டுவது. கொழுந்தாடையையும் சோகையையும் நன்றாகக் கழிப்பது. ஏற்றத் தாமதமானால் நிழலில் அடுக்கி, மேலே சோகையைப் பரப்பி நீர் தெளிப்பது. எரித்து வெட்டுவதை அறவே தவிர்ப்பது. நீர் தெளிப்பதால் சேதம் மட்டுப்படும், நின்றுவிடாது. பங்குனி, சித்திரை வெயிலில் கார்த்திகை மாதத்தைவிட விரைவாகச் செயல்பட வேண்டும் என்பதையும் சொல்லத் தேவையில்லை.

இனிப் பாவுக் கஞ்சி. தறியில் பாவு நூல் அச்சிலும் விழுதிலும் ஓயாமல் உராய்கிறது. பிசிர் எழும்பி நூல் அறாமல் இருக்க, அரிசிக் கஞ்சியோ வேறு மாவுக் கஞ்சியோ காய்ச்சி, சிறிது எண்ணெய் கூட்டிப் பூசுகிறோம். அந்தக் கஞ்சியிலுள்ள மாவுப்பொருள் எதனால் ஆனது? கரும்பில் சுக்ரோஸின் பாதியாக இருந்த அதே குளுக்கோஸால் ஆனது. நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் குளுக்கோஸ்கள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டால் அது மாவுப்பொருள். சரி, பாவு நூலாகிய பருத்தி எதனால் ஆனது? அதுவும் குளுக்கோஸ் சங்கிலியே! செல்லுலோஸ் என்று அதற்குப் பெயர். இரண்டிலும் மணி ஒன்றே; கோத்த விதம்தான் வேறு. மாவுப்பொருளில் எல்லா மணிகளும் ஒரே முகமாக நிற்பதால் சங்கிலி திருகுச் சுருளாக வளைந்து, வெந்நீரில் ஊறி இளகுகிறது. செல்லுலோஸில் ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாகப் புரண்டு நிற்பதால் சங்கிலி நேராக நீண்டு, பக்கத்துச் சங்கிலிகளோடு இறுக ஒட்டிக்கொள்கிறது. ஒன்று சோறாகவும் மற்றொன்று வேட்டியாகவும் ஆனதற்கு இவ்வளவே காரணம்.

பாரிஸ் நகரத்து அன்செல்ம் பேயன் என்பவர் 1833இல் பெர்சோஸ் என்பவரோடு சேர்ந்து, முளைவிட்ட வாற்கோதுமையிலிருந்து மாவுப்பொருளைக் கரைக்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்து டயாஸ்டேஸ் என்று பெயரிட்டார். தனியே பிரித்தெடுக்கப்பட்ட முதல் நொதி அதுவே. இன்று அமைலேஸ் என்கிறோம். 1838இல் செல்லுலோஸைக் கண்டறிந்தவரும் அதே பேயன்தான். நம் வீடுகளில் முளைகட்டிய கேழ்வரகை மாவாக்கிக் குழந்தைக்குக் காய்ச்சும் கஞ்சி, சாதாரணக் கேழ்வரகுக் கஞ்சிபோல் கெட்டிப்படாமல் நீர்த்திருப்பது இந்த அமைலேஸால். வெறுஞ் சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பதும் உமிழ்நீரிலுள்ள அமைலேஸால். பருத்தி நூலை எவ்வளவு நேரம் மென்றாலும் இனிக்காது. மாவுப்பொருளின் பூட்டுக்குச் செய்த சாவி செல்லுலோஸின் பூட்டில் நுழையாது.

இந்தப் பிடிவாதமே நெசவுத் தொழிலுக்கு வாய்ப்பாக அமைந்தது. நெய்த பின் வெளுக்கவோ சாயமேற்றவோ வேண்டிய துணியில் கஞ்சி தங்கியிருந்தால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். முற்காலத்தில் துணியை இரவெல்லாம் நீரில் ஊறப்போட்டுப் புளிக்க விடுவார்கள். நீரிலுள்ள நுண்ணுயிர்கள் கஞ்சியைத் தின்று தீர்க்கும். ஆனால் அவை எங்கே நிறுத்திக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. அமிலத்தில் தோய்ப்பதும் உண்டு. அமிலமோ கஞ்சி என்றும் நூல் என்றும் பாராமல் இரண்டையும் அரிக்கும். 1917ஐ ஒட்டிப் புவாடன், எஃப்ரோன் என்ற இருவர் பாக்டீரியாவை வளர்த்து அதிலிருந்து அமைலேஸ் தயாரிக்கும் முறையைக் கண்டனர். அது துணி ஆலைகளில் பரவியது. இன்று கடையில் கிடைக்கும் கஞ்சி நீக்கும் நொதி அந்த வழியில் வந்ததே. சாதாரண வகையை 60 முதல் 70 பாகை சென்டிகிரேடு சூட்டில் வைத்தால் நன்றாக வேலை செய்யும். கொதிக்கும் நீரில் கொட்டினால் பணம் வீண். புதிதாக வாங்குபவர் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான்.

குறிஞ்சிப்பாடிக் கைலிபோல் முன்னரே சாயமிட்ட நூலில் நெய்யும் துணிக்குக் கஞ்சி நீக்கும் வேலை அவ்வளவாக இல்லை. அங்கே கவலை வேறு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கஞ்சியிட்ட பாவு ஈரத்தில் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கிறது. பூஞ்சணத்திடம் இரண்டு சாவியும் உண்டு. முதலில் அமைலேஸால் கஞ்சியைத் தின்னும். அது தீர்ந்ததும் செல்லுலேஸ் என்னும் நொதியால் நூலையே அரிக்கத் தொடங்கும். கரும்புள்ளியோடு போய்விட்டால் வெறும் கறை. விரலால் இழுத்தால் நூல் பொடிந்து அறுமானால் இரண்டாம் கட்டம் வந்துவிட்டது என்று அறியலாம். கஞ்சியில் துளி மயில்துத்தம் சேர்க்கும் பழைய வழக்கம் பூஞ்சணத்தை அடக்குவதற்கே. அதிலுள்ள செம்பு அதன் நொதிகளைப் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்கிறது. அது விஷமாகையால் அக்கஞ்சிப் பாத்திரம் அடுக்களைப் பக்கம் போகக் கூடாது. துத்தத்தை நம்புவதைவிட, கஞ்சியிட்ட பாவை நன்றாக உலர்த்தித் தரையில் படாமல் வைத்து, மழைக்காலத்தில் ஒரு வாரத்துக்கு வேண்டிய அளவே கஞ்சியிட்டுக்கொள்வது நலம் என்பது எம் கருத்து.

துணியில் கஞ்சி முற்றும் நீங்கிற்றா என்று பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. காயத்துக்குப் போடும் டிங்க்சர் அயோடினில் சிறிது எடுத்து நீர் கலந்து, துணியின் ஓரத்தில் ஒரு சொட்டு விட வேண்டும். மாவுப்பொருளின் திருகுச் சுருளுக்குள் அயோடின் புகுந்துகொண்டால் கருநீலம் தோன்றும். செல்லுலோஸில் அப்படிப்பட்ட சுருள் இல்லாததால் வெறும் பருத்தி பழுப்பு மஞ்சளாகவே நிற்கும். நீலம் தெரிந்தால் இன்னும் ஒருமுறை நொதிநீரில் ஊறட்டும். ஊதா கலந்த சிவப்பானால் சங்கிலிகள் அறுபட்டுக் குட்டையாகியிருக்கின்றன, இன்னும் சிறிது நேரம் போதும். மஞ்சளாகவே இருந்தால் துணியை அலசிச் சாயத் தொட்டிக்கு அனுப்பலாம்.